எந்த எழுத்தாளரோடு அமர்ந்து ஏதாவது குடிக்க ஆசை?

கி. ராஜநாராயணனோடுதான். கோவில்பட்டிக்கு அருகே அவருடைய ஊரான இடைசெவலில், ஓலைப் பட்டையில் ஊற்றிய பதநீரோடு. 2021-இல் அவர் மறைந்த பிறகும் இந்த ஆசை போகவில்லை.

அவர் எழுதியது கரிசல் இலக்கியம். அதாவது, கறுப்பு மண்ணை நம்பி வாழும் சம்சாரிகளின் (விவசாயிகளின்) கதையை அவர்கள் பேச்சிலேயே சொல்வது. ஏன் அந்தப் பேச்சு? மழைக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் அவர்கள் புழங்கும் சொற்கள் அந்த வேலையிலேயே பிறந்தவை. வேறு சொல் போட்டால் பொருள் வரும், வாசனை வராது. ஒரே ரசம்தான், ஆனாலும் வீட்டுக்கு வீடு ருசி மாறுகிறதே, அப்படி. அந்தச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். அவருடைய ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவல் 1991-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

வட்டார வழக்கைப் பிழைத் தமிழ் என்று பலர் நினைக்கிறார்கள். ஏட்டில் ஏறாத சொற்களை நாவிலேயே காத்து வந்த தமிழ் அது.