ஹை-லிஃப்ட் ஜாக் வாங்கும் முன் அது எதைப் பிடித்துத் தூக்கும் என்று பாருங்கள்

கேள்வி: மூன்று கதவு மஹிந்திரா தார் வைத்திருக்கிறேன், 2022 மாடல். வேளச்சேரியில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை, மண்பாதை என்று சுற்றுவோம். போன மாதம் சேற்றில் இறங்கி இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். உயரமான இரும்புத் தண்டில் கைப்பிடியை அழுத்தி அழுத்தி வண்டியைத் தூக்கும் ஹை-லிஃப்ட் ஜாக் வாங்கலாம் என்றிருக்கிறேன். 48 அங்குலமா, 60 அங்குலமா? பானட்டில் மாட்டுவதா, பின்கதவிலா?

பதில்: 48 போதும். 60 அங்குலத்தை வாங்கினால் அந்த நீளத்தை வைக்கவே இடம் தேடி அலைவீர்கள். அதன் உச்சிப் பகுதியில் தாங்கும் எடையும் குறைந்துவிடும். 48 அங்குலமே ஏறக்குறைய 13 கிலோ. அசல் அமெரிக்க ஹை-லிஃப்டின் அனுமதி எடை 2,114 கிலோ. உங்கள் தார் மொத்தமே ஒன்றே முக்கால் டன் அளவுதான், அதிலும் ஒரு நேரத்தில் ஒரு மூலையைத்தான் தூக்குவீர்கள். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் நகல்களில் 'மூன்று டன்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரை விடுங்கள், தண்டின் துளைகளில் மாட்டி ஏறும் பின்களும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இந்த ஜாக்கில் முதலில் மக்கர் செய்வது அவைதான்.

நீங்கள் கேட்காத கேள்விதான் முக்கியமானது. அந்த ஜாக் உங்கள் வண்டியில் எதைப் பிடித்துத் தூக்கும்? கம்பெனி பம்பரில் வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும். கதவுக்குக் கீழே வைத்தால் தகடு மடங்கும். இது அமெரிக்காவில் 1905 முதல் விற்பனையில் இருக்கும் கருவி. டிராக்டர், வேலிக்கம்பம் போன்ற பண்ணை வேலைகளில் பேர் வாங்கியது. இரும்பைப் பிடிக்கத்தான் அதற்குத் தெரியும்.

இரும்பு பம்பர் போட்டுவிடலாமே என்பீர்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டியின் முன்னால் மாட்டும் அனுமதியற்ற இரும்புத் தடுப்புகள் (கிராஷ் கார்டு, புல் பார்) மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி போலீஸ் நிறுத்துவார்கள். ஓஎம்ஆர் சிக்னலில் நின்று வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

அதனால் என் யோசனை: ஜாக்கோடு சேர்த்து, சக்கரத்தைப் பிடித்துத் தூக்கும் கொக்கி ஒன்றை வாங்குங்கள். 'வீல் லிஃப்ட்' என்று கேட்டால் புரியும். இரண்டு கொக்கிகள் ரிம்மின் இடைவெளிகளில் மாட்டிக்கொள்ளும். வண்டியில் எதையும் மாற்ற வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. சேஸிஸைப் பிடித்துத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங்தான் நீளும். பாடி மேலே போய்க்கொண்டே இருக்கும், சக்கரம் சேற்றிலேயே கிடக்கும். வண்டி உயர உயர ஆட்டமும் கூடும். சக்கரத்தையே பிடித்தால் அரை அடி தூக்கினாலே அடியில் கல்லும் மரக்கட்டையும் போட்டு நிரப்பிவிடலாம். அலாயில் கீறல் விழும்தான், ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பஞ்சருக்கு இது உதவாது. அதற்கு வண்டியோடு வந்த ஜாக்கே சரி.

ஏரிக் களிமண்ணில் ஜாக்கின் சின்ன அடித்தட்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குல கனத்தில் பிளைவுட் துண்டு ஒன்றை மரக்கடையில் வெட்டி வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.

இனி கைப்பிடி. ஏற்றும்போதும் கவனம் வேண்டும், இறக்கும்போது இன்னும் அதிகம். ஏற்றத்தை இறக்கமாக மாற்றும் ரிவர்ஸ் லீவரைத் தட்டும் முன் கைப்பிடி நிமிர்ந்து தண்டோடு ஒட்டி நிற்க வேண்டும். பாதியில் இருக்கும்போது தட்டினால் வண்டியின் எடை முழுக்கக் கைப்பிடியில் வந்து, அது சடாரென்று மேலே எகிறும். தாடையைப் பெயர்த்துவிடும். என் முன்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, வியர்த்த கை வழுக்கியதால் வந்தது. அன்றிலிருந்து கையுறை இல்லாமல் தொடுவதில்லை, முகத்தை அதன் பாதைக்கு நேரே கொண்டுபோவதும் இல்லை. இறக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கைப்பிடி உங்களை மேலே தள்ளும், விடாமல் பிடியுங்கள். சுமை தரையில் இறங்கி ஜாக்கில் 70 கிலோவுக்கும் குறைவாக ஆகிவிட்டால், தூக்கும் பகுதி மொத்தமாகச் சரிந்து விழும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. கை மட்டும் அங்கே இருக்கக் கூடாது. ஹேண்ட்பிரேக், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல், வண்டிக்குள்ளும் அடியிலும் ஆள் இல்லை. இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

மாட்டும் இடம். பானட் வேண்டாம்: பார்வையை மறைக்கும், கீலில் மாட்டிய பிராக்கெட் அதிர்வில் தளரும். பின்கதவும் வேண்டாம். தாரில் அந்தக் கதவு ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமக்கிறது, இன்னும் 13 கிலோ ஏற்றினால் கீல் தொங்கும். வெளியே வைத்தால் உப்புக்காற்றும் தூசும் பின்களில் புகுந்து, தேவைப்படும் நாளில் சரியாக இறுகிப்போயிருக்கும். உள்ளே, பின்சீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக இரண்டு கிளாம்ப் போட்டு போல்ட் செய்யுங்கள். சீட்பெல்ட் போல்ட்டில் கைவைக்காதீர்கள். இடம் போதுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டே வாங்குங்கள். வெறும் கயிறு கட்டி விட்டால் வண்டி மோதும்போது அந்த இரும்பு முன்சீட்டுக்குப் பறந்து வரும்.

கிரீஸ் தடவாதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏரியிலிருந்து திரும்பியதும் தண்ணீர் அடித்து, காயவைத்து, பின்களில் மெல்லிய எண்ணெய் ஸ்பிரே போதும்.

அப்புறம், போன மாதம் மாட்டியபோது டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தீர்களா? 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் சரிவு வெட்டியிருந்தால் பாதி நேரம் ஜாக்கே வேண்டியிருக்காது. திரும்பக் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர் மட்டும் கையில் இருக்கட்டும்.