ஊருக்கு ஒரு குப்பை விதி: வாசகர் கேள்வி பதில்

மறுசுழற்சி பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த வாரம் வேறு எதையும் எடுக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் சின்ன ஊர்க்காரர்கள். எல்லோருடைய கேள்விக்குள்ளும் இருப்பது ஒரே எரிச்சல்தான்: எங்கள் ஊரில் மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: நகரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டில் காகிதம், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊர் மறுசுழற்சி மையத்திலோ ஆறு விதமாகப் பிரித்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள், கண்ணாடியைத் தொடவே மாட்டோம் என்கிறார்கள். கிராமம் என்றால் அவ்வளவு இளக்காரமா?

பதில்: இளக்காரம் இல்லை, தூரம். நகரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டுபோய்க் கொட்ட ஒரு பெரிய தரம்பிரிப்பு ஆலை இருக்கும். அங்கே காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும், இன்னொரு கருவி அலுமினியத்தை எகிறித் தள்ளும், ஒளியை வைத்து பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடிக்கும் கருவி அதைக் காற்றால் ஊதி வேறு பக்கம் அனுப்பும். இதையெல்லாம் நடத்த தினமும் டன் கணக்கில் சரக்கு வந்தாக வேண்டும். சில நூறு வீடுகள் இருக்கிற ஊரில் அவ்வளவு வராது, அதனால் அந்த ஆலையின் வேலையை உங்கள் கை செய்கிறது.

கண்ணாடி கதை வேறு. எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது, அந்த விதத்தில் தங்கமான பொருள்தான், ஆனால் கனம் அதிகம், விலை குறைவு. உருக்கும் ஆலை பக்கத்தில் இருந்தால் சரி, தொலைவில் இருந்தால் லாரி வாடகைக்கே கட்டாது. அலுமினியம் நேர் எதிர். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட பழைய டப்பாவை உருக்கினால் ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம் என்பதால், எவ்வளவு தூரமானாலும் வாங்க ஆள் வரும். அதனால் விதிப்பலகையில் ஊர் அலுவலகத்தின் பெயர் இருந்தாலும், பட்டியலை உண்மையில் தீர்மானிப்பது அந்தச் சரக்கைக் கடைசியில் வாங்குகிற ஆள்தான். அவர் மாறினால் பட்டியலும் மாறும், போன வருஷம் எடுத்ததை இந்த வருஷம் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஆறு விதம் என்று அலுத்துக்கொள்கிறீர்களே, ஜப்பானில் ஷிகோகு தீவில் கமிகட்சு என்ற மலை ஊர் இருக்கிறது, மக்கள் தொகை 1,500க்கும் குறைவுதான். அங்கே 40க்கும் மேற்பட்ட விதமாகப் பிரிக்கிறார்கள்! குப்பை வண்டியே கிடையாது, அவரவர் வீட்டுக் குப்பையை அவரவரே மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பு அங்கேயும் திறந்தவெளியில்தான் எரித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு சிறிய எரிப்பு உலை வைத்தார்கள், குப்பை எரியும்போது வருகிற டையாக்ஸின் என்ற நச்சு பற்றிய சட்டம் இறுகியதும் அதையும் மூட வேண்டியதாயிற்று, புதிதாகப் பெரிய உலை கட்ட அந்தச் சின்ன ஊரிடம் பணம் இல்லை. வேறு வழியில்லாமல்தான் பிரிக்க ஆரம்பித்தார்கள். 2003இல் குப்பையே இல்லாத ஊராக மாறுவோம் என்று அறிவித்தார்கள், இப்போது 80 சதவீதம் அளவுக்கு மறுசுழற்சிக்குப் போகிறது. எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு தொட்டியின் மேலும் இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவா செலவா என்று எழுதி வைத்திருப்பது. இதை எந்த ஊரும் செய்யலாம், ஒரு அட்டையும் பேனாவும் போதும். உங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அடியில் அம்பு போட்ட முக்கோணம் இருந்தால் அந்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யலாம் என்றுதானே அர்த்தம்? எங்கள் மையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: இல்லை. அது என்ன வகை பிளாஸ்டிக் என்று சொல்கிற எண், அவ்வளவுதான். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த ஏற்பாடு அது, 1 முதல் 7 வரை. மக்கள் எல்லோரும் உங்களைப் போலவே புரிந்துகொண்டு குழம்பியதால், 2013இல் அந்தத் தர விதியைத் திருத்தி அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள், ஆனால் பழைய அச்சு இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல், எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றில்லை. தண்ணீர் பாட்டிலிலும் 1 இருக்கும், பழம் வைத்து விற்கிற மெல்லிய ஒளிபுகும் பெட்டியிலும் 1 இருக்கும். பாட்டிலை ஊதிச் செய்கிறார்கள், பெட்டியைத் தகடாக்கி அழுத்திச் செய்கிறார்கள், உருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, அதனால் பாட்டிலை வாங்குகிறவர் பெட்டி கலந்த மூட்டை வேண்டாம் என்று சொல்வதுண்டு. எண்ணைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள். கழுத்து இருக்கிற பாட்டில், ஜாடி என்றால் 1, 2 எண்களுக்கு அநேகமாக எல்லா இடத்திலும் வரவேற்பு உண்டு. 3, 6, 7 என்றால் சின்ன ஊரில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

கேள்வி: டப்பாவைக் கழுவித்தான் போட வேண்டுமா? எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை.

பதில்: பளபளவென்று வேண்டாம். பாத்திரம் கழுவி முடித்த தண்ணீரிலேயே ஒரு தடவை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும், வழித்து எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உணவு ஒட்டியிருந்தால் கெடுவது அந்த டப்பா மட்டும் இல்லை, பக்கத்தில் இருக்கிற காகிதமும்தான். எண்ணெய் ஊறிய காகிதத்தைக் கூழாக்கினால் எண்ணெய் நாரோடு போய் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரிக்க முடியாது. அட்டைப் பெட்டியின் எண்ணெய்ப் பகுதியைக் கிழித்து உரக்குழியில் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: சிறிய கடை வைத்திருக்கிறேன். கடை அட்டைப்பெட்டிகளை வீட்டுத் தொட்டியில் சேர்த்துப் போட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. அதே அட்டைதானே, வீட்டிலிருந்து வந்தால் என்ன, கடையிலிருந்து வந்தால் என்ன?

பதில்: பொருள் ஒன்றுதான், கணக்கு வேறு. வீட்டுக் குப்பை எடுக்கிற செலவு பெரும்பாலும் வீடுகள் கட்டுகிற வரியிலோ கட்டணத்திலோ ஓடுகிறது. கடைக் குப்பையை அதில் சேர்த்தால் உங்கள் செலவைத் தெருவே சுமக்கிறது, அது ஒன்று. அப்புறம், தொழில் நடத்துகிறவருக்குத் தன் கழிவு எங்கே போகிறது என்பதில் பொறுப்பு உண்டு என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. யாரோ ஒருவர் குறைந்த பணத்துக்கு எடுத்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் கொட்டினால், பெட்டியின் மேல் இருக்கிற முகவரியைப் பிடித்து உங்களிடம்தான் வருவார்கள். எடுக்கிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்த்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் கடைக்காரருக்குச் சாதகமான விஷயமும் உண்டு. வீட்டில் வருவது எல்லாம் கலந்த சரக்கு, கடையில் ஒரே மாதிரி சுத்தமான அட்டை மொத்தமாக வரும், வாங்குகிறவருக்கு அதுதான் பிடிக்கும். மடித்துத் தட்டையாக்கி, மழை படாமல் வைத்து, அக்கம்பக்கத்து நாலு கடைகள் சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் வண்டி தானாக வரும். நனைந்த அட்டைக்கு மட்டும் மதிப்பே கிடையாது, எடை ஏறும், பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று, பில் இயந்திரத்திலிருந்து வருகிற வழவழப்பான ரசீதுச் சுருளைக் காகிதத்தோடு போடாதீர்கள். அது சூடுபட்டால் கருக்கிற ரசாயனம் பூசியது.

விவசாயமும் தொழில்தான் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூச்சிமருந்து கேன் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுத் தொட்டிக்குப் போகக் கூடாது. காலியானவுடனே, காய்ந்து ஒட்டுவதற்குள், கால் பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு, யாரும் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதபடி கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள். மருந்து கேனுக்கென்று தனியாக வைத்திருக்கிற சேகரிப்பில்தான் கொடுக்க வேண்டும். நிலத்தில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் அப்படியே. அதைத் தொட்டியில் போட்டால் தரம்பிரிப்பு ஆலையின் சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் கத்தியோடு இறங்கி அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். சாதாரண பிளாஸ்டிக் பைக்கும் இதே கதிதான்.

கேள்வி: பழைய போன் பேட்டரி வீங்கியிருக்கிறது. எந்தத் தொட்டி?

பதில்: எந்தத் தொட்டியும் இல்லை! லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை வண்டியும் ஆலையும் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகிவிட்டது. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, வீங்கியிருக்கிறது என்று சொல்லி மையத்து ஆளின் கையில் நேராகக் கொடுங்கள். வீங்காத பேட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டிக் கொடுத்தால் போதும்.

கேள்வி: மையம் பல மைல் தூரம். தோட்டத்திலேயே எரித்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். தோட்டத்துத் தீயில் சூடு போதாது, பிவிசி போன்றவை அரைகுறையாக எரிந்து டையாக்ஸின் வரும், அது சாம்பலிலும் மண்ணிலும் தங்கி, மேய்கிற மாட்டின் பாலுக்கும் கோழி முட்டைக்கும் வரும். இப்படி நெடுநாள் தங்குகிற நச்சுகளைக் கட்டுப்படுத்த 2001இல் நாடுகள் கையெழுத்திட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தனியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உலர்ந்த சரக்கு அழுகாது, மாதம் ஒருமுறை சந்தைக்குப் போகும்போது சேர்த்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நாம் மாய்ந்து மாய்ந்து பிரிக்கிறோம், அவர்கள் எல்லாவற்றையும் ஒரே வண்டியில்தான் கொட்டுகிறார்கள். என் கண்ணாலேயே பார்த்தேன். ஏமாற்றுதானே?

பதில்: சில சமயம் ஆமாம், சில சமயம் இல்லை. வண்டிக்குள் தடுப்பு இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உங்கள் தெருவின் சரக்கில் நாப்கின், உணவு, டயர் என்று ஏதாவது கலந்திருந்து மொத்தச் சுமையையும் வேண்டாமென்று ஒதுக்கியிருக்கலாம். வாங்க ஆளே இல்லாமலும் போயிருக்கலாம். அதுவரை வெளிநாட்டுக் கழிவை வாங்கிவந்த சீனா, 2018 தொடக்கத்தில் 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியைத் தடை செய்து, மற்ற சரக்கிலும் அசுத்தம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொன்னபோது, பணக்கார நாடுகளின் ஊர்களிலேயே பிரித்து வைத்த சரக்கு குப்பைமேட்டுக்குப் போனது. அதனால் சண்டைக்குப் போகாமல் எழுத்தில் கேளுங்கள்: போன மாதம் எத்தனை கிலோ விற்றது, யாருக்கு, எவ்வளவு வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது? விற்றவரிடம் எடைச் சீட்டு இருக்கும். காட்டத் தயங்கினால் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாட்டில் மூடியைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இருவருமே சரி. முன்பு கழற்றச் சொன்னார்கள். இப்போது பல ஆலைகள் பாட்டிலோடு அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகின்றன, பாட்டில் துகள் மூழ்கும், மூடித் துகள் மிதக்கும், பிரிந்துவிடும். தனியாகப் போட்டால்தான் சல்லடை வழியாக விழுந்து தொலைந்துபோகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து மூன்று லிட்டர் வரையிலான பான பிளாஸ்டிக் பாட்டில்களில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று விதி. ஆனால் உங்கள் மையத்தில் பாட்டில்களை அழுத்திக் கட்டுவதென்றால் மூடிய பாட்டிலுக்குள் இருக்கிற காற்று தொந்தரவு, நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். அவர்கள் தனித் தொட்டி வைத்து மூடியைச் சேர்த்தால், கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.