பிழைத்த வேல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை ஏழெட்டு ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எனக்கு 37 வயது. கணவர், மகளுடன் சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறேன். கணக்காய்வு வேலை. தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் வாழ்ந்த என் பாட்டியை வைத்து ஆறு ஆண்டுகள் செலவிட்டு ஒரு நாவல் எழுதினேன். 312 பக்கம். ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். முதல் 80 பக்கம் நகரவே இல்லை. இப்போதைக்கு வெளியிட இயலாது" என்று பதில் வந்தது. பிறகு ஒரு போட்டிக்கு அனுப்பினேன். அங்கிருந்து பதிலே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சொற்பொழிவுக்குப் போனேன். 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்று பேச்சாளர் விளக்கியபோது எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது. எழுதியதே போதும், இனி யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நாவல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனால் மனம் அடங்கவில்லை. யாருடைய புத்தக வெளியீட்டு அழைப்பிதழைப் பார்த்தாலும் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது.

கனவும் வேண்டும், அதன் பலனில் பற்றும் கூடாது என்றால் எப்படி வாழ்வது? தியானம் பழகினால் சரியாகுமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வேண்டுமா? மகள் இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறாள். மதிப்பெண் முக்கியமில்லை என்று அவளிடமும் சொல்லிவருகிறேன். நான் செய்வது சரிதானா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் ஒரு பழைய பள்ளி நோட்டு கிடந்தது. தம்பி வீடு மாறியபோது அப்பாவின் பெட்டியில் கிடைத்தது என்று கொண்டுவந்து கொடுத்தான். பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட நோட்டு. இரண்டு வாரமாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு நாலு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

தியானம் பழகுங்கள், நல்லதுதான். நீங்கள் கேட்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வேலையை விடுவதைப் பற்றி உங்கள் கணவரிடமும் வீட்டுக் கடன் கணக்கிடமும் கேளுங்கள். ஆறு ஆண்டுகளாக வேலைக்குப் போய்க்கொண்டே 312 பக்கம் எழுதியவருக்கு நேரம் ஒரு பிரச்சினையாக எனக்குத் தெரியவில்லை. மகள் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மதிப்பெண் முக்கியமில்லை என்று சொல்லும் தாய், தன் நாவலுக்கு ஒருவர் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டியதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

இப்போது அந்தச் சொற்பொழிவுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 'கீதாசாரம்' நீங்களும் பார்த்திருப்பீர்கள். எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது என்று தொடங்கும். கீதையின் 700 சுலோகங்களில் எங்கே தேடினாலும் அந்த வாசகம் கிடைக்காது. உங்கள் பேச்சாளர் சொன்னது அப்படி இல்லை, அதற்கு மூலம் உண்டு. இரண்டாம் அத்தியாயம், 47ஆம் சுலோகம். ஆனால் அவர் சொன்னது பாதிச் சுலோகம். அதற்கு நான்கு பாதங்கள் உண்டு. செயலில் மட்டுமே உனக்கு அதிகாரம் என்பது முதல் பாதம். பலன்களில் ஒருபோதும் இல்லை என்பது இரண்டாவது. பலனுக்காகவே செயல்படுகிறவனாக ஆகிவிடாதே என்பது மூன்றாவது. நான்காவது, 'மா தே ஸங்கோஸ்த்வகர்மணி'. செயலற்றிருப்பதில் உனக்குப் பற்று வேண்டாம்.

ஸங்கம் என்றால் பற்று. அந்தச் சுலோகத்தில் பற்று என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எதன்மேல் பற்று வைக்காதே என்று சொல்லும்போது வருகிறது? சும்மா இருப்பதன்மேல்! யாரிடம் சொன்னது என்பதையும் நினைத்துப் பாருங்கள். வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவனிடம் சொன்னது. 'போரிட மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டவனிடம். எழுந்து வில்லை எடு என்பதற்காகச் சொன்ன சுலோகத்தைக் கேட்டுவிட்டு நீங்கள் வில்லை இழுப்பறையில் வைத்திருக்கிறீர்கள். என்னம்மா இது?

பற்றை விட்டுவிட்டதாக எழுதுகிறீர்கள். அழைப்பிதழைப் பார்த்தால் தூக்கம் போகிறது என்றும் எழுதுகிறீர்கள். நீங்கள் விட்டது வேலையை. பற்று பத்திரமாக உங்களிடமே இருக்கிறது. அடிபட்ட இடத்தில் மறுபடி அடிபடக்கூடாது என்று ஒதுங்கியிருக்கிறீர்கள். அது மனித இயல்பு, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் துறவு என்று பெயர் வைக்காதீர்கள். பயம் என்று சொல்லுங்கள். பயத்துக்கு மருந்து உண்டு.

அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். மாலையில் தளத்துத் திடலில் ஓடுவார். அரை மைல்தான் அவருடைய ஓட்டம். புல்தரையில் இரண்டு சுற்று. அதை இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கனவு, இலட்சியம் என்றெல்லாம் அவர் பேசிக் கேட்டதில்லை. 'இரண்டுக்குள்' என்று மட்டும் சொல்வார். வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. பிரிட்டிஷ் படைகள் 1971 முடிவதற்குள் வெளியேறிவிடும் என்று 1968 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். கிடங்கில் இருந்த ஒவ்வொருவரும் அடுத்த வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் அப்பா ஓடிக்கொண்டிருந்தார். ஓடி என்ன கிடைக்கப்போகிறது என்று அம்மா கேட்பார். அப்பா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார்.

1969இல் ஒரு தேர்வோட்டம். எனக்கு எட்டு வயது. என்னையும் அழைத்துப் போனார். மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்பா நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரத்தை நான் இரண்டு கையையும் விரித்துக் காட்ட முடியும், அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. எனக்கு மட்டும் ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, ஆணி பதித்த அந்தக் காலணியைக் கழுவினார். ஒவ்வொரு காலணியிலும் ஆறு ஆணி. ஆணிகளுக்கு நடுவே இறுகியிருந்த மண்ணைத் தீக்குச்சியால் நெம்பி எடுத்தார். சின்னச் சின்ன வில்லைகளாக வந்தது மண். அவற்றில் புல்லின் வேரும் இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துத் திண்ணை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். ஏன் வைத்தார் என்று தெரியாது. ஏழாவதோ எட்டாவதோ எடுக்கும்போது கை நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. அம்மா பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தார். எழுந்து போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா திடலில் இருந்தார்.

இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. நோட்டில் இருக்கிறது. சனிக்கிழமைக்கு நேரே '60, 62½' என்று இரண்டு சுற்றுக்கும் நேரம். அதற்கடுத்த வரி செவ்வாய். '61, 63. எதிர்க்காற்று. இடது கால் கனம்.' நான்காவதாக வந்தது எங்கேயும் இல்லை. நான் உடன் போயிருக்காவிட்டால் அந்தச் சனிக்கிழமை இன்னொரு சனிக்கிழமை என்றுதான் நினைத்திருப்பேன். நோட்டு முழுவதும் இப்படித்தான். சுற்றுக்கு எத்தனை வினாடி, காற்று எப்படி, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், முட்டி எப்படி. மறுநாள் திருத்திக்கொள்ளக்கூடியது எதுவோ அது மட்டும் இருக்கிறது. தேர்வாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவரால் திருத்தக்கூடியதாக இல்லை. ஆகவே அது இல்லை.

அவர் கடைசிவரை இரண்டுக்குள் ஓடவில்லை. 1970இல் 2 நிமிடம் 0.8 வினாடி. அதுதான் அவருடைய உச்சம். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டு குறித்திருக்கிறார், ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிக்கொண்டே.

அப்பா பலனில் பற்றில்லாமல் ஓடினார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் குழாயடியில் அழுதவர். அழுததால் அவருக்குப் பக்குவம் போதவில்லை என்று எந்தப் பேச்சாளராவது சொன்னால் அரங்கைவிட்டு எழுந்து வந்துவிடுவேன். உடம்பு முழுவதாலும் வேண்டும் என்று நினைத்தவருக்கு, கிடைக்காதபோது வலிக்காமல் எப்படி இருக்கும்? பற்றின்மை என்று நம் பெரியவர்கள் சொன்னது எதுவாக இருந்தாலும், அதை அந்தச் சனிக்கிழமையில் தேடாதீர்கள். செவ்வாய்க்கிழமையில் தேடுங்கள்.

நோட்டின் உள்ளட்டையில் ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் சி. குணாளன் ஓடிய செய்தி. பழுத்துப்போய், தொட்டால் உதிர்கிறது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரில் வெள்ளி வாங்கியவர் அவர். மெக்சிகோவில் 10.38 வினாடியில் ஓடினார். அரையிறுதிக்குப் போகவில்லை. பலன் என்று பார்த்தால் அவ்வளவுதான், வெளியேறிவிட்டார். ஆனால் அந்த 10.38 சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக 33 ஆண்டுகள் நின்றது. 2001இல்தான் யு.கே. ஷியாம் 10.37 ஓடி அதை முறியடித்தார், ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில். வெளியேறியதும் சாதனை படைத்ததும் ஒரே ஓட்டத்தில். அதில் எது அந்த ஓட்டத்தின் பலன் என்று நீங்கள் சொல்லுங்கள் பார்க்கலாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வள்ளுவர் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். படைச்செருக்கில் வரும் 772ஆம் குறள் உங்களுக்கும் பள்ளியில் படித்த நினைவிருக்கும்.

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது.

காட்டு முயலைக் கொன்ற அம்பைவிட, யானைக்குக் குறிவைத்துத் தப்பிய வேலைக் கையில் வைத்திருப்பது இனியது. பெரிதாக ஆசைப்படு என்பதற்கு இதை மேற்கோள் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் நாற்பது ஆண்டுகளாக எனக்கு இந்தக் குறளில் பிடித்த சொல் 'ஏந்தல்'. எறிந்த வேல் தானாகத் திரும்பி வராது. யானை போய்விட்டது. வேல் எங்கோ புதரில் குத்தி நிற்கிறது. அவன் நடந்துபோய், அதைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, மறுபடி கையில் எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் 'ஏந்தல்' என்ற சொல் வர முடியும். உரைகாரர்கள் இந்த நடையைப் பற்றி எழுதவில்லை என்றால் பரவாயில்லை. எனக்கு அந்தக் குறளில் அப்பா தெரிகிறார். எறியாமல் வைத்திருக்கும் வேலைப் பற்றி அந்தக் குறளில் ஒரு சொல்கூட இல்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'முதல் 80 பக்கம் நகரவே இல்லை.' அது உண்மையா? நாவலை மறுபடி எடுத்து அந்த 80 பக்கத்தைப் படித்துப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுத்தார்கள் என்பது மட்டும்தான் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. ஒருவர் உங்கள் கையெழுத்துப் பிரதியைப் பொறுமையாகப் படித்து, எந்த இடத்தில் கால் கனக்கிறது என்று பக்க எண்ணோடு எழுதி அனுப்பியிருக்கிறார். என்ன செய்தீர்கள் அதை? பலனில் பற்றில்லாதவர் என்றால் அந்த வரியைக் காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படித்திருக்க முடியும். சரியென்றால் வெட்டியிருக்கலாம். தவறென்றால், என் பாட்டியின் கதை இந்த வேகத்தில்தான் நடக்கும் என்று உறுதியாக வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டுமே வேலை. நீங்கள் இரண்டையும் செய்யவில்லை.

துறைமுகக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. அங்கே எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் பிடித்தார்கள் என்று எழுத இன்னும் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்? உங்கள் பாட்டி உங்களிடம் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். இதைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. புத்தகம் விற்கும், விருது வரும் என்றெல்லாம் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். வராமலும் போகலாம். அன்றைக்கு அழுங்கள். குழாயைத் திறந்துவிட வீட்டில் யாராவது இருப்பார்கள்.

இந்த வாரம் அந்த 80 பக்கத்தைப் படியுங்கள். பென்சிலோடு உட்காருங்கள். வேறொரு பதிப்பகத்தின் முகவரியைத் தேடி எடுத்து, மாதம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். அனுப்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன பதில் வந்தது என்று நான் கேட்க மாட்டேன். அனுப்பிய தேதியும் எத்தனை பக்கம் குறைந்தது என்பதும் போதும். அப்பாவின் நோட்டில் கடைசியில் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அதில் குறித்து வைக்கிறேன்.