பள்ளியில் மனநல ஆலோசனைக்கென்று கவுன்சிலர் இருந்தும் பிள்ளைகள் ஏன் போய்ப் பேசுவதில்லை?

முதலில் கவுன்சிலர் அறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பாடம் எடுத்த பள்ளியில் தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்தால் போகிற வருகிறவன் எல்லாம் "என்னடா, மாட்டிக்கிட்டியா?" என்பான். எந்தப் பிள்ளை வரும்?

அதோடு, எந்தப் பிள்ளையும் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வராது. வயிற்றுவலி என்றுதான் வரும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், திங்கட்கிழமையானால் முதல் பீரியடிலேயே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். "டெஸ்ட்னா உடனே வலி வந்துடுமே" என்று நானே நக்கலடித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பதற்றத்தில் வருகிற வலி நடிப்பில்லை, நிஜமாகவே வலிக்கும். பதின்வயதில் மனச்சோர்வும் அப்படித்தான். அழுகைக்குப் பதில் எரிச்சலாக வெளிப்படும். நாம் அதைத் திமிர் என்று டைரியில் எழுதி அனுப்புவோம்.

அந்தப் பெண் கடைசியில் வாய் திறந்தது நூலகரிடம். இருவரும் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, முகம் பார்க்காமல். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "எப்பலேர்ந்து இப்படி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். விஷயம் இதுதான்: திங்கள் முதல் பீரியட் என்னுடையது. வரிசையாக எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்வேன்.

நூலகரே அவளைக் கவுன்சிலரிடம் கூட்டிப்போனார். அவளுடைய அம்மா கொஞ்ச நாள் லீவு போடலாமா என்றார். கவுன்சிலர் வேண்டாமென்றார், ஒதுங்க ஒதுங்க பயம் வளரும் என்பது அவர் கணக்கு. அவர் சொன்ன வழி: முதலில் என்னிடம் தனியாக ஒரு பத்தி வாசிப்பது, பிறகு தோழியோடு சேர்ந்து, அப்புறம்தான் வகுப்பில்.

பிள்ளைகளின் முதல் கேள்வி, "வீட்ல சொல்லிடுவீங்களா?" சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 40 பேர் வகுப்பில் ஐந்தாறு பேர். எங்கள் பள்ளியில் 1,600 பேருக்கு ஒரே கவுன்சிலர், பரீட்சை ஹாலுக்கு ஆள் குறைந்தால் அங்கேயும் அவர்தான்.

அறையை நூலகத்துக்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மாற்றவில்லை, பெஞ்சை மட்டும் எடுத்தார்கள். அதற்கே மதிய இடைவேளையில் ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.