தவணைத் தாளை வாங்கிப் படியுங்கள்

வீட்டுக் கடன் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்களுக்கு 30 லட்சம் கடன் தர வங்கி சம்மதித்துவிட்டது. 30 ஆண்டு போட்டுக்கொண்டால் மாதத் தவணை குறையும் என்கிறார் அங்கிருக்கும் அதிகாரி. 20 ஆண்டே போதும் என்று என் கணவர் பிடிவாதமாக நிற்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுக்கு மாதத் தவணை 26,992. 30 ஆண்டுக்கு 24,139. மாதம் 2,853 குறைகிறதே என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக இன்னும் 120 மாதம் கட்டப்போகிறீர்கள். வட்டியாக மட்டும் 20 ஆண்டில் 34.78 லட்சம் போகும். 30 ஆண்டில் 56.90 லட்சம். வாங்கிய கடனே 30 லட்சம்தான்.

அதிகாரி பொய் சொல்லவில்லை. உங்கள் சம்பளத்துக்குள் தவணை அடங்க வேண்டும், மனு தள்ளுபடியாகக் கூடாது என்பது அவர் கவலை. நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். ஆனால் வங்கி எவ்வளவு தரும் என்பது வேறு, உங்கள் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு வங்கியில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். மாதாமாதம் வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு என்று காட்டும் தவணை அட்டவணையை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். 20 ஆண்டுக் கடனில் முதல் வரி இப்படி இருக்கும்: தவணை 26,992, வட்டி 22,500, அசல் 4,492. அப்புறம் 60-வது வரிக்குப் போங்கள். அதுவரை 16 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 26.61 லட்சம் நிற்கும். கடன் பாதியாகக் குறைவது 168-வது மாதத்தில், அதாவது 14 ஆண்டு முடிந்த பிறகு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பாக்கி இருக்கும் அசலுக்குத்தான் வட்டி. முதல் ஆண்டுகளில் அசல் மலைபோல் இருப்பதால் வட்டியும் அப்படியே இருக்கிறது. இந்த ஒரு தாளைப் பார்க்காமல் யாரும் வீட்டுக் கடன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

26,992 தாங்காது என்றால் காலத்தை நீட்டாதீர்கள், கடன் தொகையைக் குறையுங்கள். தாங்குமா என்று தெரிய ஒரு வழி உண்டு. இப்போது கொடுக்கும் வாடகைக்கும் வரப்போகும் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். நடுவில் அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், அந்த வீடு உங்களுக்கு இப்போதைக்கு அதிகம்.

கேள்வி: மாறும் வட்டியில் கடன் வாங்கினேன். வட்டி ஏறிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஆனால் தவணை அப்படியே இருக்கிறது. நிம்மதிதானே?

பதில்: நிம்மதிப்பட முடியாது. தவணையை மாற்றவில்லை என்றால் காலத்தை நீட்டியிருக்கிறார்கள். மேலே சொன்ன அதே கடனை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய புதிதிலேயே வட்டி 9-இலிருந்து 10 சதவீதம் ஆகி, தவணை 26,992-ஆகவே நின்றால், 20 ஆண்டுக் கடன் 26 ஆண்டைத் தாண்டிவிடும். 10.5 ஆனால் முதல் மாதத் தவணையில் அசலுக்குப் போவது வெறும் 742. 11 ஆனால் மாத வட்டியே 27,500. அதாவது தவணை கட்டக் கட்டக் கடன் வளரும்!

10 சதவீதத்தில் 20 ஆண்டுக்குள் முடிக்க வேண்டுமானால் தவணை 28,951 ஆக வேண்டும். மாதம் இரண்டாயிரத்துக்குள்தான் கூடுகிறது. முடியுமானால் இன்றே வங்கிக்கு எழுதித் தவணையை ஏற்றச் சொல்லுங்கள்.

நிலையான வட்டி என்று சொன்னாலும் எத்தனை ஆண்டுக்கு நிலையானது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 30 ஆண்டு முழுக்க மாறாத வட்டி சாதாரணம். கனடாவில் பெரும்பாலும் 5 ஆண்டு, பிரிட்டனில் 2 அல்லது 5 ஆண்டு. அது முடிந்ததும் அன்றைய நிலவரப்படி வட்டி மாறிவிடும். ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடு.

கேள்வி: எனக்குச் சம்பளம் உள்நாட்டு நாணயத்தில். வெளிநாட்டு நாணயத்தில் கடன் எடுத்தால் வட்டி பாதிதான் என்கிறான் நண்பன். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சம்பளம் எந்த நாணயத்திலோ, கடனும் அதில்தான் இருக்க வேண்டும். 2008-க்கு முந்தைய ஆண்டுகளில் ஹங்கேரியிலும் போலந்திலும் ஏராளமான குடும்பங்கள் வட்டி குறைவு என்று சுவிஸ் பிராங்கில் வீட்டுக் கடன் எடுத்தன. 2008 நெருக்கடியில் உள்நாட்டு நாணயம் சரிந்ததும் தவணை ஏறியது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்த கட்டுப்பாட்டைக் கைவிட்டபோது, பிராங்கின் மதிப்பு ஏறி, போலந்துக்காரர்களின் கடன் பாக்கி ஒரே நாளில் எகிறியது. முந்தைய ஆண்டின் இறுதியிலேயே சட்டம் போட்டு, அத்தகைய கடன்களை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்திருந்ததால் ஹங்கேரிக்காரர்கள் அந்த அடியிலிருந்து தப்பினார்கள். ஒழுங்காகத் தவணை கட்டியவர்களும் மாட்டிக்கொண்ட கதை இது.

கேள்வி: அண்ணன் வீடு வாங்குகிறார். அவர் சம்பளம் மட்டும் போதவில்லை என்பதால் என்னையும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார். "சும்மா பேருக்குத்தான்" என்கிறார். மறுத்தால் மனக்கசப்பு வரும். என்ன செய்வது?

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் "சும்மா பேருக்கு" என்று ஒரு கையெழுத்து கடன் பத்திரத்தில் கிடையவே கிடையாது. இணைக் கடனாளி என்றால் ஆளுக்குப் பாதி என்று அர்த்தமில்லை. அண்ணன் கட்டாவிட்டால் முழுக் கடனையும் உங்களிடம் கேட்கலாம். அவர் ஒரு தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றிலும் அது பதியும். நாளை நீங்கள் வீடு வாங்கப் போகும்போது, இந்தத் தவணையையும் உங்கள் சுமையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு உங்களுக்கான கடனைக் குறைப்பார்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கடனில் பெயர் இருப்பதால் வீட்டில் பங்கு வந்துவிடாது. கிரயப் பத்திரத்தில் பெயர் இருந்தால்தான் உரிமை. கடன் முழுக்கத் தலையில், வீடு துளியும் கையில் இல்லை என்ற நிலையில் பெண்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அவர்களைத் தனியாக அழைத்து விளக்கிவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பேன்.

உதவியே ஆக வேண்டும் என்றால் சில நிபந்தனைகளை வையுங்கள். பத்திரத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு எழுதட்டும். கடன் கணக்கின் விவரம் உங்கள் போனுக்கும் வரட்டும். கடன் தொகைக்கு அண்ணன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கட்டும். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அண்ணி, குழந்தைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு. பிற்பாடு உங்கள் பெயரை நீக்க வேண்டுமானால் வங்கி சம்மதிக்க வேண்டும். அண்ணனின் வருமானம் தனியாகவே போதும் என்று தெரிந்தால்தான் சம்மதிக்கும். இவற்றுக்கு அவர் தயங்கினால், கையெழுத்துப் போடாதீர்கள். மனக்கசப்பு ஆறிவிடும், கடன் ஆறாது.

கேள்வி: 50 லட்சத்துக்கு வீடு பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டோம். வங்கியின் மதிப்பீட்டாளர் 44 லட்சம்தான் மதிப்பு என்று எழுதிவிட்டார். குறைகிற பணத்துக்குத் தனிநபர் கடன் எடுக்கலாமா?

பதில்: பேசிய விலை, மதிப்பீட்டாளர் எழுதிய மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி சதவீதம் கணக்கிடும். 80 சதவீதம் தருவார்கள் என்றால், நீங்கள் எதிர்பார்த்த 40 லட்சம் 35.2 லட்சமாகிவிட்டது. 4.8 லட்சம் துண்டு விழுகிறது. அதற்குத் தனிநபர் கடன் எடுத்தால், அதன் தவணையையும் கழித்துக்கொண்டு வீட்டுக் கடனை இன்னும் குறைப்பார்கள். அந்த வழி வேண்டாம்.

மதிப்பு ஏன் குறைந்தது என்று கேளுங்கள். பரப்பளவைத் தப்பாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். அனுமதி பெறாமல் கட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், அது உங்களுக்கு நேரத்தோடு கிடைத்த எச்சரிக்கை. இரண்டும் இல்லையென்றால் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரிடம் விலையைக் குறைத்துப் பேசுங்கள். இன்னும் முன்பணம் கொடுக்காத வாசகர்களுக்கு: கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: 30 லட்சம் கடன், 20 ஆண்டு, 9 சதவீதம். ஓராண்டு முடிந்தது. கையில் 1 லட்சம் வந்திருக்கிறது. இப்போதே கட்டுவதா, சேர்த்து வைத்துக் கடைசியில் கட்டுவதா?

பதில்: அவசரச் செலவுக்குத் தனியாகப் பணம் இருந்தால், இப்போதே. இன்று கட்டும் 1 லட்சம் உங்கள் கடனில் 19 மாதங்களைக் குறைக்கும். அதே தொகையை 15-வது ஆண்டு முடிவில் கட்டினால் 6 மாதம்கூடக் குறையாது. முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று மட்டும் கடன் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும்போது "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். புதிய அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசி வரியில் உள்ள தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.