‘ஓவர்எக்ஸ்போஸ்ட்’ என்றால் என்ன?

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகையொன்றில் ஒரு நடிகையை ‘ஓவர்எக்ஸ்போஸ்ட்’ என்று எழுதியிருந்தார்கள். கவர்ச்சியாக உடுத்தினார் என்பதுதானே பொருள்? படம் வெளுத்துப் போனாலும் ஸ்டூடியோவில் இதையே சொல்கிறார்களே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை. உடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் சினிமாச் செய்திகளில் புழங்கும் பொருளை ஆங்கிலத்தில் ஏற்றிப் படித்தால் அந்த நடிகைக்கு அநியாயம் செய்தவர்களாவோம். விளம்பரம், பேட்டி, மேடை என்று எங்கும் அவர் முகமே தெரிந்து மக்களுக்குச் சலித்துவிட்டது என்பதே கருத்து.

புகைப்படத்தில் பொருள் மிகத் துல்லியமானது: தேவைக்கு மேல் ஒளி விழுந்துவிட்டது. காலிமுகத்திடலில் நண்பகலில் நிழலில் நிற்பவரின் முகத்துக்கு ஒளியை அளந்தால் வானமும் வெள்ளைச் சட்டையும் வெறும் வெள்ளையாகிவிடும். சாதாரண டிஜிட்டல் படத்தில் (JPEG) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255ஐத் தொட்ட இடத்தில் விவரமே பதிவாகாது. பிறகு கணினியில் இருட்டாக்கினாலும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். ஆகவே எடுக்கும்போதே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டொப் (ஒரு படி) குறையுங்கள், ஒளி பாதியாகும். கைபேசியில் திரையின் வெளிச்சமான இடத்தைத் தொட்டால் போதும். சற்று இருண்ட படத்தைப் பின்னர் ஓரளவு தேற்றலாம்.

வெயில், கதிர்வீச்சு, இரசாயனம் பற்றி எழுதும்போது அவை அளவுக்கு மேல் நம்மீது படுவதே ‘ஓவர்எக்ஸ்போஷர்’; அதன் பின் ‘டு’ (to) வரவேண்டும், ‘வித்’ (with) பிழை. ஒரே துறைக்கு அளவுமீறிக் கடன் கொடுத்த வங்கியையும் அத்துறைக்கு ‘ஓவர்எக்ஸ்போஸ்ட்’ என்றே சொல்வார்கள்.