சர்க்கரை நோயுள்ள பூனை மருத்துவமனை என்றாலே மிரள்கிறது, எப்படிப் பராமரிப்பது?

உங்கள் பூனைக்கு ஒன்பது வயது, ஆண். இரண்டு மாதமாகக் காலையும் இரவும் இன்சுலின் போடுகிறீர்கள். கூண்டைக் கண்டாலே பீரோவின் மேல் ஏறிக்கொள்கிறான், மருத்துவரிடம் கொண்டுபோனால் கடிக்கிறான், அங்கே அளக்கும்போதெல்லாம் சர்க்கரை 400-ஐத் தாண்டுகிறது, அதைப் பார்த்து ஊசியின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, இதற்குப் பதிலாக மாத்திரைக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'அங்கே அளக்கும்போதெல்லாம்' என்ற அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் ஓர் இரவில் எங்கள் பூனை செம்பனை இழக்க இருந்தோம்.

நான் மருத்துவர் அல்லள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இதைப் படிக்கும் கால்நடை மருத்துவர்கள், வீட்டிலேயே வைத்தியம் பார்க்கச் சொல்கிறாள் என்று என்மேல் கோபம் கொள்ள வேண்டாம். மருத்துவர் இல்லாமல் சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்ள முடியாது. அளக்கும் வேலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

செம்பனுக்கு அப்போது பத்து வயது. கருத்தடை செய்த ஆண், ஏழு கிலோவுக்கு மேல் எடை, வீட்டைவிட்டு வெளியே போகாதவன். நடுவயதைத் தாண்டிய, உடல் பருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். தோல் அரிப்புக்காக அதற்கு முந்தைய ஆண்டில் அவனுக்கு இரண்டு முறை நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். அது பருத்த பூனைக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடக்கூடும் என்று அன்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வழி கேட்டிருப்போம் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

முதலில் கண்டுபிடித்தவர் என் கணவர். குளியலறை வாளியில் தலையை விட்டு அவன் தண்ணீர் குடிப்பதையும், கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிய இளைப்பதையும் நான் வயதின் மாற்றம் என்றே நினைத்திருந்தேன். மணல் தட்டுக்கு வெளியே அவன் போயிருந்த சிறுநீரில் ஒரு காலையில் எறும்பு மொய்த்திருந்தது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளியான அவர் அதைப் பார்த்துவிட்டு, "இவனுக்கும் என் வியாதிதான் வந்திருக்கிறது" என்றார். பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 250 முதல் 290 வரையான அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கத் தொடங்கும்; ஆகவே எறும்பு வரும்போது நோய் முற்றத் தொடங்கியிருக்கும். அடுத்த வாரமே பின்னங்கால்களின் குதிப்பகுதி முழுதும் தரையில் படும்படி நடக்கத் தொடங்கினான். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்படும்போது பூனைகள் அப்படி நடக்கும்.

மருத்துவர் கிளார்ஜின் என்ற இன்சுலினை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு யூனிட் போடச் சொன்னார். ஊசியைப் பற்றி நாங்கள் பயந்த அளவுக்கு அவன் பயப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விலாத் தோலைத் தூக்கிப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மருத்துவமனைதான் அவனுக்கு எமன். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குக் கொண்டுபோனபோது, ஆட்டோவின் இரைச்சலில் கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து, குரைக்கும் நாய்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் காத்திருந்து, தடித்த கையுறை போட்ட இரண்டு உதவியாளர்கள் மேசையோடு அழுத்திப் பிடிக்க, வாயில் நுரை தள்ளியபடி இரத்தம் கொடுத்தான். அளவு 418. மருந்து போதவில்லை என்று ஒரு யூனிட்டை மூன்றாக உயர்த்தினார்கள். வீட்டில் அவன் தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது என்று நான் சொன்னேன், அது எழுதிக்கொள்ளப்படவில்லை.

மூன்றாம் நாள் இரவு ஒரு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் ஏதோ இடிபடும் ஓசை கேட்டு விழித்தேன். செம்பன் எழுந்திருக்க முயன்று முயன்று சாய்ந்துகொண்டிருந்தான். கண்கள் முழுக் கறுப்பாக விரிந்திருந்தன, கால்கள் நடுங்கின. என் கணவர் தம் குளுக்கோமீட்டரை எடுத்துவந்து அவன் காது ஓரத்தில் குத்திப் பார்த்தார். 38. பூனைக்கு 60-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. தேனை விரலில் தொட்டு அவன் ஈறுகளில் தேய்த்தேன். விழுங்க முடியாத நிலையில் இருப்பவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், தேய்க்கத்தான் வேண்டும். பத்து நிமிடத்தில் தலை நிமிர்ந்தது. சாப்பாட்டைக் காட்டியதும் நக்கத் தொடங்கினான். விடியும்வரை அரைமணிக்கு ஒரு முறை அளந்து, காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினோம். வலிப்பு வந்திருந்தால் தேனைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் உறையூர்ப் பக்கத்தில் திறந்திருந்த கால்நடை மருத்துவமனை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தவர் நாங்கள் பிறகு போன இன்னோர் இளம் மருத்துவர். அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. பயந்த பூனையின் உடலில் சுரக்கும் அட்ரினலின் முதலியவை கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட மருத்துவமனையில் 300-க்கு மேல் காட்டலாம், அது இறங்கச் சில மணி நேரம் ஆகும். பயத்தில் ஏறிய எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பயம் தணிந்த பிறகு அந்தக் கூடுதல் மருந்து அவனைத் தரைக்குத் தள்ளிவிடும். உங்கள் பூனை மருத்துவரை வெறுப்பது உங்களுக்கு ஒரு தொல்லை மட்டுமன்று, மருத்துவர் பார்க்கும் எண்ணையே அது பொய்யாக்குகிறது. பிறகு ஒரு நாள் நானே சோதித்துப் பார்த்தேன்: காலை 7 மணிக்கு வீட்டில் 174, அதே நாள் 9.30-க்கு மருத்துவமனை மேசையில் 341.

வீட்டில் அளப்பது இப்படித்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் ஒரு நிமிடம் வையுங்கள். சூடு பட்டால் இரத்தம் எளிதில் வரும். காதின் வெளி விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய இரத்தக் குழாய் ஓடும். அந்தக் குழாய்க்கும் விளிம்புக்கும் இடையில், பின்னால் மடித்த பஞ்சை அணைகொடுத்துக் குத்துங்கள். துளியை எடுத்ததும் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடியே ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுங்கள். முதல் பத்து நாள் குத்தாமலேயே, காதைத் தொட்டுவிட்டுக் கோழித்துண்டு மட்டும் கொடுத்துப் பழக்கினோம். இப்போது மீட்டரின் 'பீப்' ஒலி கேட்டால் அவனே வந்து மேசையில் உட்காருகிறான். மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கான மீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால், எந்த மீட்டரில் அளந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்பக் கணக்கிடுவார். ஊசிக்கு முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை என்று 12 மணி நேரம் அளந்து எழுதிய தாள்தான் அவருக்கு உண்மையாகப் பயன்படும். செம்பனுக்குப் பழைய ஒரு யூனிட்டிலேயே ஊசிக்கு முன் 262, ஆறாம் மணியில் 118 என்று வந்தது. அதாவது மருந்து முதலிலிருந்தே போதுமானதாக இருந்திருக்கிறது. அளக்கவே முடியாத பூனை என்றால் பிரக்டோசமின் என்ற பரிசோதனையைக் கேளுங்கள். அது கடந்த இரண்டு வார அளவின் சராசரியைக் காட்டுவதால் அன்றைய பயம் அதைப் பாதிக்காது.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீடு தலைமுறைகளாகச் சைவ உணவு வீடு. செம்பன் பால் சோற்றிலும் தயிர்ச் சாதத்திலும் வளர்ந்தவன். ஆசைக்குக் கடையில் வாங்கிய உலர் தீனி. மாவுச்சத்தைச் சமாளிக்கப் பூனையின் உடல் படைக்கப்படவில்லை, அது முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. மாவுச்சத்தைக் குறைத்து ஈரத் தீனிக்கு மாற்றாமல் இன்சுலின் மட்டும் போட்டால் பயன் பாதிதான் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். உறவினர்கள் என்னைப் பேசிய பேச்சைக் கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பூனைக்காக வீட்டின் ஆசாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றார் என் நாத்தனார். எண்பத்திரண்டு வயதான என் மாமியார்தான், "பசுவுக்குப் புல், இவனுக்குக் கறி. அவன் விரதம் இருக்கிறேன் என்று யாரிடம் சொன்னான்? கொல்லையில் ஓர் அடுப்பு போட்டுக்கொள், அம்மா" என்று முடித்துவைத்தார். வெறும் கோழிக்கறியில், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போதாது என்பதால், முழுச் சத்துள்ள ஈரத் தீனியையே முதன்மையாக வைத்து, கோழியைப் பரிசாக மட்டும் கொடுக்கிறோம். நீங்கள் உணவை மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும், பழைய அளவையே போட்டால் நான் பட்ட பாடு உங்களுக்கும் வரும்.

ஐந்து மாதத்தில் அவனுக்கு ஊசியே தேவைப்படாமல் போயிற்று. தொடக்கத்திலேயே சரியாகப் பார்த்துக்கொண்டால் பூனைகளில் பலவற்றுக்கு இப்படி நடக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் நன்றாக இருந்தான். பிறகு பல்லில் சீழ் பிடித்து, சர்க்கரை மீண்டும் ஏறியது. பல்லின் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்யும். அதை வீட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மருத்துவமனையைக் கைவிடாதீர்கள் என்கிறேன். ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, சிறுநீரில் கீட்டோன் (உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) தெரிந்தாலோ அன்றே போக வேண்டும். சாப்பிடாத பூனைக்கு வழக்கமான இன்சுலினை அப்படியே போட்டுவிடாமல் மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள்.

அப்படிப் போகும் நாளுக்காக, மேற்பக்கம் திறக்கும் கூண்டு ஒன்றை வாங்கி, கதவைக் கழற்றி, அவன் பழைய துணியை விரித்துக் கூடத்திலேயே ஆண்டு முழுவதும் வைத்திருக்கிறோம். அவன் பகல் தூக்கம் அதில்தான். பயணத்தில் துண்டால் மூடிவிடுவோம். மருத்துவர் கூப்பிடும்வரை தெருவிலேயே நிற்போம், மேல்மூடியை எடுத்துவிட்டுக் கீழ்ப்பாதியிலேயே வைத்துப் பார்க்கச் சொல்வோம். கிளம்ப இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் கொடுக்கும்படி, பயத்தைத் தணிக்கும் கபபென்டின் என்ற மருந்தை எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பல் எடுத்த அன்று அதைக் கொடுத்துத்தான் போனோம். செம்பன் ஒருவரையும் கடிக்கவில்லை.

மருந்துக்கடையில் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. செம்பனுக்குப் போட்ட கிளார்ஜின் 100 யூனிட் மருந்து. கடைப் பையன் சிவப்பு மூடியைக் கொடுத்து, நீங்களும் கோட்டைப் பார்த்து ஒரு யூனிட் எடுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். என் கணவரின் மருந்து 40 என்பதால், எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இரண்டையும் இரண்டு தனித் தட்டுகளில் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

மாத்திரைக்கு வருகிறேன். பெக்சாகிளிப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கொடுத்தார்கள். அது முன்பு இன்சுலின் போடாத, மற்றபடி உடல்நலம் நன்றாக இருக்கும் பூனைகளுக்கு மட்டுமே. இரண்டு மாதமாக ஊசி போடும் உங்கள் பூனைக்குப் பொருந்தாது. பொருந்தினாலும், சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால் அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். அதாவது இப்போதைவிட அதிக முறை அவனைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் மெட்பார்மினை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இன்று உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் 12 மணி நேரம் அளந்து எழுதித் தந்தால் அதைப் பார்த்து அளவை முடிவு செய்வீர்களா, அதுவரை இன்னும் கூட்டாமல் இருக்கலாமா என்று கேளுங்கள். தேன் சீசாவை மூடி தளர்த்திக் கட்டிலின் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.